புது லேப்டாப்பில் நெட் வரவில்லையா? முதலில் லேப்டாப்பைத் தொடாதீர்கள்

"அண்ணே, நேத்துதான் வாங்கினோம். வைஃபை காட்டுது, ஆனா எதுவும் ஓப்பன் ஆக மாட்டேங்குது. கடைக்காரன் கோளாறு பீஸைத் தலையில கட்டிட்டானா?"

ஜூன் பிறந்து கல்லூரி அட்மிஷன் தொடங்கியதும் எனக்கு இந்த போன் வர ஆரம்பித்துவிடும். பேசுகிறவர் மாறுவார், கேள்வி மாறாது. நான் கம்ப்யூட்டர் மெக்கானிக் இல்லை. தெருவில் "அவருக்கு இதெல்லாம் தெரியும்" என்று ஒருமுறை பேர் வாங்கிவிட்டேன், அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் நான் பார்த்தவரை, கோளாறு லேப்டாப்பிலேயே இருந்தது பாதி தடவைகூட இல்லை. ஆனால் எல்லோரும் முதலில் கை வைப்பது லேப்டாப்பில்தான். யூடியூப் பார்த்து நாலைந்து செட்டிங்கை மாற்றி வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு முதல் கோளாறைவிட அவர்கள் சேர்த்த கோளாறைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் உடனே குழாயையா கழற்றுகிறோம்? மோட்டார் ஓடியதா, மேல் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, பக்கத்துக் குழாயில் வருகிறதா என்றுதானே பார்க்கிறோம். இங்கேயும் அதே வரிசைதான். வெளியிலிருந்து வரும் லைன், வீட்டிலிருக்கும் மோடம், மோடத்துக்கும் லேப்டாப்புக்கும் நடுவிலுள்ள காற்று, லேப்டாப்பின் உள்ளே இருக்கும் வைஃபை கார்டு, கடைசியாக விண்டோஸ். எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. விண்டோஸ் 11 உள்ள லேப்டாப்பை மனதில் வைத்து எழுதுகிறேன். 10 வைத்திருப்பவர்களுக்கும் பெயர்கள் கொஞ்சம்தான் மாறும்.

போனை எடுங்கள், மொபைல் டேட்டாவை அணையுங்கள்

"என் போன்ல அதே வைஃபை நல்லா ஓடுதே" என்பார்கள். நானும் ஒருமுறை இதை நம்பி, உறவினர் வீட்டில் இரண்டு மணி நேரம் லேப்டாப்போடு மல்லுக்கட்டினேன். உண்மையில் மொட்டை மாடியில் போகும் ஃபைபர் வயரை அணில் கடித்துவிட்டிருந்தது. வைஃபையில் நெட் வரவில்லை என்று கண்டதும் போன் சத்தமில்லாமல் சிம் டேட்டாவுக்கு மாறிக்கொண்டது. ஆண்ட்ராய்டு போன்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. மேலே வைஃபை குறியும் இருக்கும், வீடியோவும் ஓடும். பார்ப்பவர் ஏமாறாமல் என்ன செய்வார்?

ஆகவே மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் மட்டும் இதுவரை திறக்காத ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். வரவில்லை என்றால் லேப்டாப்பை மூடி வைத்துவிடலாம்; கோளாறு லைனிலோ மோடத்திலோ இருக்கிறது. வந்தால் அந்த இரண்டையும் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

இதையே மறுபக்கமிருந்தும் சோதிக்கலாம். போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் இணைத்துப் பாருங்கள். ஹாட்ஸ்பாட்டில் நெட் ஓடுகிறது, வீட்டு வைஃபையில் மட்டும் ஓடவில்லை என்றால் லேப்டாப்பின் வைஃபை கார்டு நன்றாகவே இருக்கிறது. கடைக்காரரைத் திட்டவேண்டியதில்லை.

மோடத்தின் விளக்குகள்

ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் நாம் 'மோடம்' என்று சொல்லும் பெட்டியில் நாலைந்து விளக்குகள் இருக்கும். அவற்றில் 'பான்', 'லாஸ்' என்று எழுதியிருக்கும் இரண்டும் முக்கியம். 'லாஸ்' சிவப்பாக மினுக்கினால் ஃபைபர் வழியாக ஒளியே வரவில்லை என்று அர்த்தம். வயர் எங்கோ மடிந்திருக்கிறது, அறுந்திருக்கிறது, அல்லது பின்னால் சொருகியது கழன்றிருக்கிறது. பின்பக்கம் பச்சை அல்லது நீல முனையோடு வரும் மெல்லிய வயரை மெதுவாக அழுத்திப் பாருங்கள். அதைக் கழற்றி முனையைத் துடைக்கவோ, ஊதவோ, கண்ணருகே வைத்துப் பார்க்கவோ வேண்டாம்; உள்ளே வருவது லேசர் ஒளி, கண்ணுக்குத் தெரியாது. இதற்கு லைன்மேன்தான் வரவேண்டும்.

'பான்' நிலையாக எரிகிறது, 'லாஸ்' அணைந்திருக்கிறது, ஆனாலும் எந்தக் கருவியிலும் நெட் இல்லை என்றால் ரீசார்ஜ் தேதியைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். புது லேப்டாப் வந்த அன்று பிளான் முடிந்திருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

பில் கட்டியாகிவிட்டது என்றால் மோடத்தின் கரண்டை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். விளக்குகள் எல்லாம் அடங்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அதுவரை பொறுக்க வேண்டும். பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது ரீசெட். அதைக் குத்திவிடாதீர்கள்: உங்கள் நெட்காரர் உள்ளே போட்டு வைத்திருக்கும் பயனர் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்து, அவர் நேரில் வந்தால்தான் நெட் என்ற நிலை வந்துவிடலாம்.

முதல் திரையிலேயே மாட்டிக்கொண்டால்

பெட்டியைப் பிரித்து முதல்முறை ஆன் செய்யும்போதே விண்டோஸ் 11 நெட் கேட்கும். ஹோம் பதிப்பில் நெட்டும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் இல்லாமல் தாண்டவிடாது. பட்டியலில் உங்கள் வைஃபை பெயர் தெரியாவிட்டால் அங்கேயே நின்றுவிடுவீர்கள். இதைத் தாண்ட ரகசியக் கட்டளைகள் என்று வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்து வருகிறது. இன்று வேலை செய்வது அடுத்த மாதம் செய்யாது.

அதைவிட நேர்வழி ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை: ஆண்ட்ராய்டு போனை சார்ஜ் வயரால் லேப்டாப்பில் சொருகுங்கள். போனின் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் இருக்கும் பக்கத்திலேயே 'யூஎஸ்பி டெதரிங்' என்று ஒன்று இருக்கும். அதை ஆன் செய்யுங்கள். லேப்டாப் அந்தப் போனை ஒரு நெட் வயராகவே எடுத்துக்கொள்ளும். வைஃபை கார்டு வேலை செய்யாவிட்டாலும், அதன் டிரைவரே (கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) இல்லாவிட்டாலும் இந்த வழியில் நெட் வரும். இன்னொரு வசதி, போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அதே வைஃபை நெட்டைத்தான் வயர் வழியாகக் கொடுக்கும். சிம் டேட்டா தீராது.

இரண்டு இடத்தில் சறுக்கலாம். சில மலிவு வயர்களில் சார்ஜ் மட்டும்தான் போகும், டேட்டா போகாது. அப்போது டெதரிங் பட்டன் மங்கலாகவே இருக்கும், போனோடு வந்த வயரை எடுங்கள். ஐபோன் என்றால் விண்டோஸுக்கு ஆப்பிளின் மென்பொருள் முதலில் வேண்டும். அதை இறக்க நெட் வேண்டும்! வீட்டில் யாரிடமாவது ஆண்ட்ராய்டு போன் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

வைஃபை குறியே காணோம்

வலது கீழ் மூலையில் வைஃபை விசிறிக் குறிக்குப் பதிலாக பூமி உருண்டை தெரிகிறதா? அதைத் தட்டினால் வரும் பெட்டியில் வைஃபை பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை ஆன் செய்து, 'ஏர்பிளேன் மோட்' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கீபோர்டின் மேல் வரிசையில் ஒரு சாவியில் விமானப் படம் இருக்கும். துடைக்கும்போது அது அமுங்கிப் போவது சகஜம்.

வைஃபை பட்டனே இல்லை என்றால் விண்டோஸுக்குத் தன் உடம்பில் வைஃபை கார்டு இருப்பதே தெரியவில்லை என்று பொருள். ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறந்துகொள்ளுங்கள். 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்ற வரியை விரித்தால் இன்டெல், ரியல்டெக், மீடியாடெக் போன்ற ஏதாவதொரு கம்பெனியின் பெயரோடு 'வைஃபை' அல்லது 'வயர்லெஸ்' என்ற சொல் இருக்கவேண்டும். மூன்று நிலைகள் சாத்தியம்.

ஒன்று, பெயர் இருக்கிறது, ஆனால் கீழ்நோக்கிய அம்பு இருக்கிறது. யாரோ அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ரைட் கிளிக், 'எனேபிள்'. முடிந்தது.

இரண்டாவது, பெயரே இல்லை. 'அதர் டிவைசஸ்' என்ற தலைப்பின் கீழ் மஞ்சள் முக்கோணத்தோடு 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று இருக்கிறது. டிரைவர் இல்லை. விலை குறைகிறது என்று விண்டோஸ் இல்லாமல் வரும் 'டாஸ் லேப்டாப்' வாங்கி, தெரிந்த பையனிடம் கொடுத்து பென்டிரைவில் விண்டோஸ் போட்டுக்கொண்டவர்களுக்கு வரும் தலைவலி பெரும்பாலும் இதுதான். விண்டோஸ் எல்லாம் சரியாக ஏறியிருக்கும், ஆனால் வந்து சில மாதமே ஆன வைஃபை கார்டின் டிரைவர் அந்தப் பழைய பென்டிரைவில் இருந்திருக்காது. டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தீரும், பைத்தியம் தீர்ந்தால் கல்யாணம் ஆகும் என்ற கதைதான்.

மேலே சொன்ன யூஎஸ்பி டெதரிங் இங்கேயும் கைகொடுக்கும். போனைச் சொருகி நெட் வந்ததும் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டுக்குப் போய் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' கொடுங்கள். பிறகு 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' உள்ளே டிரைவர் பட்டியல் இருந்தால் வைஃபை என்று இருப்பதை டிக் செய்து இறக்குங்கள். அதில் வராவிட்டால் லேப்டாப்பின் அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த லேப்டாப் கம்பெனியின் சொந்தத் தளத்தில் 'சப்போர்ட்' பக்கத்தில் தேடுங்கள். எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் போட்டுத் தருகிறேன் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள் எதையும் தொடாதீர்கள். டிரைவரோடு இன்னும் நாலு விருந்தாளிகளைக் கூட்டிவரும்.

ஒரே மாடலில் இரண்டு மூன்று வகை கார்டு போட்டு விற்பதுண்டு. அப்போது எந்த டிரைவரை இறக்குவது? மஞ்சள் முக்கோண வரியை ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்', 'டீடெய்ல்ஸ்', அதில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' தேர்ந்தெடுங்கள். 'வென்' என்ற மூன்று ஆங்கில எழுத்துக்குப் பின்னால் வரும் நான்கு குறிகளைப் பாருங்கள். 8086 என்றால் இன்டெல். 10இசி என்றால் ரியல்டெக். 14சி3 என்றால் மீடியாடெக். இன்டெல் 1978-ல் கொண்டுவந்த பேர்பெற்ற சிப்பின் எண் 8086. அதையே தன் அடையாள எண்ணாகவும் எடுத்துக்கொண்டது. இதனால் உங்களுக்குப் பைசா பிரயோஜனமில்லை, ஆனால் எனக்கு அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சந்தோஷம்.

மூன்றாவது நிலை கொஞ்சம் விசித்திரம். நேற்றுவரை இருந்த வைஃபை கார்டு இன்று டிவைஸ் மேனேஜரில் காணாமல் போயிருக்கும், அல்லது பெயர் இருந்தும் மஞ்சள் குறி காட்டும், அதன் 'பிராப்பர்ட்டீஸ்' திறந்தால் 'கோட் 10' என்று இருக்கும். உடனே கார்டு செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். லேப்டாப்பை ஷட் டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் திரை எரிந்தாலும் விடாதீர்கள். பிறகு சார்ஜரைச் சொருகி ஆன் செய்யுங்கள். உள்ளே தங்கியிருக்கும் கரண்ட் வடிந்து கார்டு புதிதாக எழுந்துகொள்ளும். மந்திரம் மாதிரி இருக்கும், பலமுறை பலித்திருக்கிறது.

பெயர் தெரிகிறது, உள்ளே விடவில்லை

பத்தில் எட்டு தடவை பாஸ்வேர்டு. மோடத்தின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருப்பது பூஜ்யமா 'ஓ'வா, ஒன்றா சின்ன 'எல்'லா என்று கண்ணாடி போட்டாலும் தெரியாது. ஏற்கெனவே இணைந்திருக்கும் ஆண்ட்ராய்டு போனில் அந்த வைஃபை பெயரைத் தட்டி 'ஷேர்' கொடுத்தால் கியூஆர் கோடு வரும். பல போன்களில் அதன் அடியிலேயே பாஸ்வேர்டும் எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்து அப்படியே அடியுங்கள். லேப்டாப்பில் அடிக்கும்போது பெட்டியின் ஓரத்திலிருக்கும் கண் குறியை அழுத்திப் பிடித்தால் நாம் என்ன அடித்தோம் என்று தெரியும்.

நம்மவர்களுக்கே உரிய கோளாறு ஒன்று உண்டு. தமிழ் கீபோர்டு சேர்த்து வைத்திருப்போம். அது தமிழில் நின்றிருந்தால் பாஸ்வேர்டு பெட்டிக்குள் தமிழ் எழுத்து போய் விழும், நமக்குப் புள்ளிகள் மட்டும் தெரியும். விண்டோஸ் பட்டனை அழுத்திக்கொண்டு ஸ்பேஸ் தட்டினால் மொழி மாறும்.

பாஸ்வேர்டு சரி, ஆனாலும் "கேன்ட் கனெக்ட் டு திஸ் நெட்வொர்க்" என்கிறதா? அந்தப் பெயரை ரைட் கிளிக் செய்து 'ஃபர்கெட்' கொடுத்து மறுபடி இணையுங்கள். பழைய தவறான பாஸ்வேர்டை அது மனதில் வைத்துக்கொண்டிருக்கலாம்.

இன்னொரு வகை: பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரிகிறது, நம் வீட்டுடையது மட்டும் தெரியவில்லை. இப்போதைய மோடங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் ஒலிபரப்புகின்றன. 5 வேகமானது, ஆனால் சுவர் தாண்டச் சோம்பல்படும். 2.4 மெதுவானது, நாலு சுவர் தாண்டியும் வரும். பழைய காலத்துக் கனத்த சுவர் வீடுகளில் முன்னறை மோடத்தின் 5 பின்கட்டுக்கு எட்டாது. லேப்டாப்பை மோடத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். அங்கே தெரிந்தால் கோளாறு தூரத்தில்தான்.

அருகே வைத்தும் தெரியவில்லை, போனில் மட்டும் தெரிகிறது என்றால் சேனலை, அதாவது அலைவரிசைக்குள் பிரித்து வைத்த தடத்தைச் சந்தேகியுங்கள். 2.4-ல் இந்தியாவில் 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு. அமெரிக்க வழக்கத்துக்கு அமைத்த வைஃபை கார்டு 11-க்கு மேல் பார்க்காது. மோடம் தானாக 12 அல்லது 13-க்குப் போய் உட்கார்ந்துவிட்டால் லேப்டாப்பின் கண்ணுக்கு அந்த வீடே இல்லை. மோடத்தின் செட்டிங் பக்கத்தில் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, வைஃபையில் இணைந்திருக்கும் போனின் பிரௌசரில் முகவரிப் பட்டையில் அடித்தால் திறக்கும்) 2.4-க்கு 1, 6, 11 இவற்றில் ஒன்றை வையுங்கள். இந்தப் பக்கம் புரியவில்லை என்றால் நெட்காரருக்கு போன் செய்து "சேனல் 6-ல வச்சுவிடுங்க" என்று சொன்னால் போதும்.

ஹாஸ்டல், கல்லூரி வைஃபை வேறு உலகம். அங்கே பல இடங்களில் ஒவ்வொரு கருவியின் 'மேக் அட்ரஸ்' என்ற அடையாள எண்ணைப் பதிவு செய்துகொண்டுதான் உள்ளே விடுவார்கள். செட்டிங்ஸ், 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', 'வைஃபை', 'ஹார்டுவேர் பிராப்பர்ட்டீஸ்' போனால் 'பிசிக்கல் அட்ரஸ்' என்று இருக்கும். அதை எழுதிக் கொடுங்கள். அதே வைஃபை பக்கத்தில் 'ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸஸ்' ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பதிவு செய்த எண் ஒன்று, லேப்டாப் சொல்லும் எண் வேறொன்று என்று ஆகிவிடும்.

இணைந்துவிட்டது, ஆனால் 'நோ இன்டர்நெட்'

இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். மூன்று சோதனை போதும்.

வைஃபை பெயருக்குப் பக்கத்திலுள்ள 'பிராப்பர்ட்டீஸ்' பக்கத்தில் கீழே 'ஐபிவி4 அட்ரஸ்' என்று இருக்கும். வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் மோடம் ஒரு கதவு எண் கொடுக்கிறது, பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 169.254 என்று தொடங்கினால் மோடம் எண் கொடுக்கவில்லை, லேப்டாப் கேட்டுக் கேட்டுச் சலித்துத் தானே ஒன்று வைத்துக்கொண்டது என்று அர்த்தம். அதை வைத்து வெளியே போக முடியாது. மோடத்தை அணைத்துப் போடுங்கள். அதன் பிறகும் அப்படியே இருந்தால் அதே பக்கத்தில் 'ஐபி அசைன்மென்ட்' என்பது 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கிறதா பாருங்கள். முன்பு யாராவது வீடியோ பார்த்துக் கையால் எண் போட்டிருந்தால் அது இங்கே பிடிபடும்.

எண் 192.168 என்று ஒழுங்காக இருக்கிறது என்றால், ஸ்டார்ட் பட்டனைத் தட்டி சி, எம், டி என்று மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து என்டர் கொடுங்கள். கறுப்புத் திரை வரும், பயப்பட வேண்டாம். அதில் ஆங்கிலத்தில் 'பிங்' என்று அடித்து, இடம்விட்டு, 8.8.8.8 என்று அடித்து என்டர். அது கூகுளின் சர்வர். நான்கு வரி பதில் வந்தால் நெட் உங்கள் லேப்டாப் வரை வந்துவிட்டது. பிறகு அதேபோல 'பிங்', இடம், கூகுள் டாட் காம். எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில் மட்டும்தான். டிஎன்எஸ் என்பது நெட்டின் டெலிபோன் டைரக்டரி. நமக்குப் பெயர் தெரியும், கம்ப்யூட்டருக்கு எண் வேண்டும். மாற்றித் தரும் ஆள் தூங்கிவிட்டார். 'ஹார்டுவேர் பிராப்பர்ட்டீஸ்' பக்கத்தில் 'டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட்' எதிரே 'எடிட்' தட்டி, 'மேனுவல்', 'ஐபிவி4' ஆன் செய்து, முதல் கட்டத்தில் 8.8.8.8, இரண்டாவதில் 1.1.1.1 போட்டு சேமியுங்கள். முதலாவது கூகுளுடையது, இரண்டாவது கிளவுட்ஃப்ளேர் 2018-ல் தொடங்கியது. இரண்டும் இலவசம்.

வீட்டில் இல்லாமல் ரயில் நிலையம், லாட்ஜ், ஆஸ்பத்திரி போன்ற இடத்தில் இருக்கிறீர்களா? அங்கே மொபைல் எண்ணும் ஓடிபியும் கேட்கும் ஒரு பக்கம் வந்தால்தான் நெட் திறக்கும். அந்தப் பக்கம் தானாக வராவிட்டால் பிரௌசரில் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். பூட்டு இல்லாத தளம் என்பதால் அந்த லாகின் பக்கம் குறுக்கே வந்து நிற்கும். மேலே சொன்னபடி டிஎன்எஸ்ஸைக் கையால் மாற்றி வைத்திருந்தால் இந்த மாதிரி இடங்களில் லாகின் பக்கம் வராமல் போகலாம். மறுபடி 'ஆட்டோமேட்டிக்'குக்கு மாற்றுங்கள்.

இரண்டு பிங்குக்கும் பதில் வருகிறது, ஆனால் சில தளங்கள் மட்டும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கின்றனவா? கடிகாரத்தைப் பாருங்கள். புது லேப்டாப்பில் நேரமண்டலம் அமெரிக்க பசிபிக்கில் நின்றிருப்பதுண்டு. நம்மவர் என்ன செய்வார்? மணி தப்பாக இருக்கிறதே என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியை மட்டும் மாற்றுவார். மண்டலம் அப்படியே இருக்கும். இப்போது மூலையில் மணி சரி, ஆனால் உள்கணக்கில் லேப்டாப் பதின்மூன்றரை மணி நேரம் தள்ளி வாழ்கிறது (அங்கே கோடைக்கால நேரம் என்றால் பன்னிரண்டரை). தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ், ஓடிபி ஆப்பின் ஆறு இலக்கம் எல்லாம் உள்கணக்கைத்தான் பார்க்கும். 'டைம் அண்ட் லாங்குவேஜ்', 'டேட் அண்ட் டைம்' போய் மண்டலத்தை மாற்றுங்கள். +5:30 என்ற வரியில் சென்னையின் பெயர்தான் முதலில் இருக்கும். இலங்கை வாசகர்கள் 'ஸ்ரீ ஜெயவர்த்தனபுர' என்பதைத் தேடவேண்டும். பிறகு 'சிங்க் நவ்' தட்டுங்கள்.

இதுவும் சரி என்றால் சந்தேகம் காவல்காரர் மேல். பல புது லேப்டாப்களில் ஒரு மாதமோ ஒரு வருடமோ ஓடும் சோதனை ஆன்டிவைரஸ் போட்டே தருகிறார்கள். விண்டோஸுக்கே 'டிஃபெண்டர்' என்ற காவல் உண்டு, சாதாரண வீட்டு வேலைக்கு அது போதும் என்பது என் கட்சி. அந்தச் சோதனைப் பதிப்பை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். நெட்டை வேறு சர்வர் வழியாகச் சுற்றிக் கொண்டுபோகும் விபிஎன் ஏதாவது போட்டிருந்தால் அணையுங்கள். 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' உள்ளே 'பிராக்ஸி' பக்கத்தில் 'யூஸ் எ பிராக்ஸி சர்வர்' அணைந்திருக்க வேண்டும்.

வருகிறது, போகிறது

தூங்கி எழுந்த லேப்டாப்பில் வைஃபை வரவில்லை, ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது என்றால் மின்சிக்கனம் காரணமாக இருக்கும். டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் 'பிராப்பர்ட்டீஸ்' திறந்து, 'பவர் மேனேஜ்மென்ட்' தாவலில் மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற முதல் டிக்கை எடுத்துவிடுங்கள். எல்லா லேப்டாப்பிலும் அந்தத் தாவல் இருக்காது. இல்லையென்றால் கார்டின் டிரைவரைப் புதுப்பியுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்வதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றல்ல. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆன் ஆகியிருக்கும்போது ஷட் டவுன் என்பது அரைத்தூக்கம்தான்: உள்மனத்தை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு தூங்கி, மறுநாள் அதையே படித்துக்கொண்டு எழும். கோளாறும் கூடவே எழும். ரீஸ்டார்ட்தான் முழுக் குளியல். "அணைச்சுப் போட்டுப் பாத்துட்டேன்" என்று யார் சொன்னாலும் நான் "ரீஸ்டார்ட்டா, ஷட் டவுனா?" என்று கேட்பது இதனால்தான்.

கடைசி ஆயுதம், பிறகு கடை

எதுவும் பலிக்கவில்லை என்றால் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', 'அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்', 'நெட்வொர்க் ரீசெட்'. எல்லா நெட்வொர்க் கார்டுகளையும் கழற்றி மறுபடி மாட்டியதுபோல ஆகும். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள், கையால் போட்ட எண்கள், விபிஎன் எல்லாம் போய்விடும். ஐந்து நிமிடத்தில் லேப்டாப் தானே ரீஸ்டார்ட் ஆகும், திறந்திருக்கும் வேலையைச் சேமித்துக்கொள்ளுங்கள். இதை ஏன் முதலிலேயே செய்யக்கூடாது என்று கேட்பீர்கள். செய்யலாம். ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த வாரம் திரும்ப வந்தால் மறுபடி முதலிலிருந்து.

அதற்கும் அசையவில்லை, போன் ஹாட்ஸ்பாட்டிலும் இணையவில்லை, யூஎஸ்பி டெதரிங்கில் மட்டும் ஓடுகிறது என்றால் கார்டுதான் பழுது. திருகாணியைக் கழற்றி அடிமூடியைத் திறந்துவிடாதீர்கள், வாரண்டிப் பேச்சில் அது எதிர்வாதம் ஆகிவிடும். ஆன்லைனில் வாங்கியதென்றால் மாற்றித்தரும் காலம் பெரும்பாலும் சில நாட்கள்தான். பில்லில் தேதி பார்த்து அதற்குள் சொல்லுங்கள். 'கோட் 10' திரையையும் டிவைஸ் மேனேஜர் திரையையும் போனில் படமெடுத்து வையுங்கள், சர்வீஸ் சென்டரில் பேச்சு நீளாது. கடைக்காரரும் கம்பெனியும் ஒருவர்மேல் ஒருவர் கைகாட்டினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

சரி, நெட் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புது லேப்டாப் முதல் நாளே பல ஜிபி அப்டேட்டை இழுக்கும். நீங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இருந்தால் அன்றைய டேட்டா சாப்பாட்டுக்கு முன்பே தீர்ந்துவிடும். அந்த ஹாட்ஸ்பாட்டின் 'பிராப்பர்ட்டீஸ்' பக்கத்தில் 'மீட்டர்டு கனெக்ஷன்' ஆன் செய்து வையுங்கள். இரவு வீட்டு வைஃபையில் இணைத்து, அப்டேட்டைத் தொடங்கி, சார்ஜரைச் சொருகிவிட்டு மூடியை மூடாமல் போய்ப் படுங்கள். மூடினால் அதுவும் உங்களோடு தூங்கிவிடும்.